தாப்பா ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை: பாதையில் பேக்ஸ்லாஷ் சிக்கல்

செக்ரோல் கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் செம்பனைக் குலை எடையைத் தினமும் கூட்டிக் கணக்குப் போட பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. ஊருக்கு ஒரு ஃபோல்டர், எல்லாவற்றிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு. பாதைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். ஸ்கிரிப்டில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து: எடை 'இ'யில் தொடங்கும், கம்பாரும் குலையும் 'கே'யில், தாப்பா 'டீ'யில், பீடோர் 'பி'யில், உலு 'யூ'வில்.

"டி:\எடை\கம்பார்\குலை.சிஎஸ்வி"
"டி:\எடை\தாப்பா\குலை.சிஎஸ்வி"
"டி:\எடை\பீடோர்\குலை.சிஎஸ்வி"
"டி:\எடை\உலு\குலை.சிஎஸ்வி"

கம்பார் ஒழுங்காகத் திறக்கிறது. தாப்பாவுக்கும் பீடோருக்கும் எர்ர்நோ 22, இன்வேலிட் ஆர்கியுமென்ட். உலு வரியைச் சேர்த்தால் ஸ்கிரிப்டே கிளம்புவதில்லை. யூனிகோட் எரர், பொசிஷன் 7-8 என்று ஏதோ சொல்கிறது. யூனிகோடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செய்து பார்த்தவை: ஃபோல்டர் பெயரை அழித்துத் திரும்ப அடித்தேன். பாதையை பிரிண்ட் செய்தால் எடைக்குப் பிறகு ஓர் இடைவெளி தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் பெயரில் இடைவெளியே கிடையாது. ரிப்ளேஸ் போட்டு ஒற்றை பேக்ஸ்லாஷை இரட்டையாக்கினேன். கம்பார் பாதையில் இரட்டை ஆகிறது, தாப்பாவுக்கு முன்னால் மட்டும் ஆகவில்லை. இன்னொன்று, ஆபீசில் புதிதாக வந்த கணினியில் பைத்தான் 3.12. அதில் கம்பார் வரிக்குக்கூட சின்டாக்ஸ் வார்னிங் வருகிறது. பழைய கணினியில் அது வந்ததில்லை.

சுங்கைக்கரை பதில்:

நாலும் ஒரே நோய்தான். ஃபோல்டரிலோ விண்டோஸிலோ கோளாறு இல்லை. மேற்கோள் குறிக்குள் நீங்கள் அடித்த பாதையை, விண்டோஸ் பார்ப்பதற்கு முன்பே பைத்தான் ஒருமுறை படித்து மாற்றிவிடுகிறது. பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் டீ வந்தால் அது டேப். என் வந்தால் புது வரி, ஆர் வந்தால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, பி வந்தால் ஓர் எழுத்து பின்னால் போ, ஏ வந்தால் மணி. எஃப்-க்கும் வி-க்கும்கூட இப்படி ஒவ்வொரு பொருள் உண்டு. ஆக, தாப்பாவின் முதலெழுத்தும் அதற்கு முன்னிருந்த பேக்ஸ்லாஷும் சேர்ந்து ஒரே ஒரு டேப் ஆகிவிட்டன. மிஞ்சியது "அப்பா" மட்டும். ஊர் போய் உறவு வந்துவிட்டது.

பிரிண்டில் தெரிந்த இடைவெளி அந்த டேப்தான். டி:\எடை என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. டேப் எட்டின் மடங்குக்குத் தாவும் என்பதால் ஒரே ஓர் இடம் நகர்ந்திருக்கிறது. பார்க்க ஸ்பேஸ் மாதிரி இருப்பதால்தான் ஏமாந்தீர்கள். பீடோரை பிரிண்ட் செய்தால் இன்னும் வேடிக்கை: கர்சர் ஓர் எழுத்து பின்னால் போய், எடையின் கடைசி 'ஐ' மேலேயே பீடோரின் 'ஐ'யை அடிக்கும். திரையில் "டி:\எடைடோர்\குலை.சிஎஸ்வி" என்று வரும்.

அதனால் பாதையைச் சோதிக்க பிரிண்ட் உதவாது. ரெப்ர் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் குறியாக எழுதிக் காட்டுகிற பைத்தான் கட்டளை அது. எரர் செய்தியும் அதே வடிவத்தில்தான் பாதையைக் காட்டும்:

'டி:\\எடை\தாப்பா\\குலை.சிஎஸ்வி'

இரட்டையாகத் தெரிபவை உண்மையான பேக்ஸ்லாஷ்கள். நினைவகத்தில் அவை ஒன்றே ஒன்றுதான், ரெப்ர் காட்டும்போது மட்டும் இரண்டாக எழுதும். தாப்பாவுக்கு முன் ஒற்றையாக நிற்கிறதே, அதுதான் கெட்டுப்போனது. நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, இரட்டையாகத் தெரிவதை ஒற்றையாக்கக் கிளம்புவார்கள். பீடோர் பாதை அதே இடத்தில் '\எக்ஸ்08' என்று தொடங்கும்.

ரிப்ளேஸ் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுவே பதில். ரிப்ளேஸ் ஓடும் நேரத்தில் தாப்பாவுக்கு முன் பேக்ஸ்லாஷே கிடையாது, டேப் இருக்கிறது. இல்லாததை எப்படி இரட்டையாக்கும்? வேலை செய்த இடத்திலும் தேவையில்லாத ஒன்றைக் கூட்டியிருக்கிறது. அந்த வரியைத் தூக்கிவிடுங்கள்.

உலு: சிறிய யூ என்றால் "அடுத்து நாலு பதினாறடிமான இலக்கம் (0 முதல் 9, ஏ முதல் எஃப்) வரும், அந்த யூனிகோட் எழுத்தை வை" என்று பொருள். பெரிய யூ-வுக்கு எட்டு இலக்கம். உலுவில் யூ-வுக்கு அடுத்து எல் வருகிறது, அது இலக்கமில்லை. அதனால் ஸ்கிரிப்டைப் படிக்கும்போதே நின்றுவிடும். பொசிஷன் 7-8 என்பதை பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: டி 0, முக்காற்புள்ளி 1, பேக்ஸ்லாஷ் 2, எடை 3 முதல் 6 வரை, அடுத்த பேக்ஸ்லாஷ் 7, யூ 8. விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி சரியான இடத்தைச் சொல்லியிருக்கிறது.

கம்பார் தப்பித்தது அதிர்ஷ்டத்தால். இ-க்கும் கே-க்கும் பைத்தானில் பொருள் கிடையாது, அதனால் பேக்ஸ்லாஷை அப்படியே விட்டுவைக்கிறது. இந்தத் தயவு நிலைக்காது என்று 3.6-லேயே எச்சரிக்கை போட்டார்கள். அது சாதாரணமாகக் கண்ணில் படாத வகை. 3.12-இல் கண்ணுக்குத் தெரிகிற சின்டாக்ஸ் வார்னிங் ஆக்கினார்கள். புதுக் கணினி சொல்வது அதைத்தான்.

தீர்வு மூன்றில் ஏதாவது ஒன்று, கலக்காமல்:

ஆர்"டி:\எடை\தாப்பா\குலை.சிஎஸ்வி"
"டி:/எடை/தாப்பா/குலை.சிஎஸ்வி"
"டி:\\எடை\\தாப்பா\\குலை.சிஎஸ்வி"

முதலாவதில் மேற்கோளை ஒட்டி முன்னால் ஆர் என்ற எழுத்து. உள்ளே இருப்பதைத் தொடாதே என்று பொருள். ஆர் போட்டுவிட்டு உள்ளே இரட்டை பேக்ஸ்லாஷும் போட்டால் இரண்டும் அப்படியே தங்கிவிடும்.

குலைத்தராசு பதில்:

இவ்வளவு எதற்கு? தாப்பாவின் முதலெழுத்தைப் பெரிய டீ ஆக்கினால் போதுமே. விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. பைத்தானுக்கும் பெரிய டீ-க்குப் பொருள் தெரியாது. இங்கே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிரல்வண்டு பதில்:

ஓடும், நிபோங் திபால் வரும் வரைக்கும். பெரிய எழுத்துகளில் இரண்டுக்கு பைத்தானில் பொருள் உண்டு: யூ, என். பெரிய என்-னுக்குப் பிறகு வளைவு அடைப்புக்குறியில் ஒரு யூனிகோட் எழுத்தின் பெயரை எதிர்பார்க்கும். நிபோங், உலு இரண்டையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஸ்கிரிப்ட் கிளம்பவே கிளம்பாது. சி டிரைவில் பயனர் ஃபோல்டர் எல்லாமே பெரிய யூ-வில் தொடங்கும் "யூசர்ஸ்" அடியில்தான் இருக்கிறது. பைத்தானுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது அங்கேதான். அதோடு 3.12-இன் வார்னிங்கும் போகாது. நோவை மறைக்கிற வழி இது.

பேராக்கை மட்டும் எடுத்தாலே தாப்பா, தெலுக் இந்தான், தைப்பிங், தஞ்சோங் மாலிம் நாலும் டேப். பீடோர், பத்து காஜா, பாகான் செராய் மூன்றும் பின்னேகும். ஆயர் தாவார் மணி அடிக்கும். ஈப்போ, கம்பார், கோப்பெங், சுங்கை சிப்புட் பிழைக்கும். ஊர் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

செக்ரோல்:

நன்றி அண்ணே. ஆர் போட்டேன், நாலும் திறந்தது, வார்னிங்கும் போய்விட்டது. ஆனால் ஊர் ஃபோல்டருக்குள் மாத ஃபோல்டர் வைத்து இன்னொரு பழைய ஸ்கிரிப்ட் இருக்கிறது, 01 முதல் 12 வரை. அதை இன்னும் மாற்றவில்லை. அதில் ஜூலைக்கு எர்ர்நோ 22 வருகிறது, ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் மட்டும் வேல்யூ எரர், எம்பெடட் நல் கேரக்டர் என்கிறது. எண்களுக்கும் இந்த வியாதி உண்டா?

இன்னொன்று: டி:\எடை\ என்று கடைசியில் பேக்ஸ்லாஷோடு ஆர் போட்டு ஒரு மாறியில் வைத்தேன். அந்த வரியே தப்பு, ஸ்ட்ரிங் முடியவில்லை என்கிறது.

நிரல்வண்டு பதில்:

எண்களுக்கு இன்னும் மோசமாக உண்டு. பேக்ஸ்லாஷுக்குப் பின் 0 முதல் 7 வரையுள்ள இலக்கம் வந்தால் பைத்தான் அதை எண்ணடிமான எண்ணாகப் படிக்கும், அதிகபட்சம் மூன்று இலக்கம் வரை. \01 முதல் \07 வரை எழுத்து எண் 1 முதல் 7. இவை விண்டோஸ் கோப்புப் பெயரில் வைக்க முடியாத கட்டுப்பாட்டு எழுத்துகள், அதனால் எர்ர்நோ 22. எண்ணடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகவே \08 என்பதை \0 தனி, 8 தனி என்று பிரிக்கும். \0 என்பது பூஜ்ய எழுத்து, நல். பெயருக்குள் அது இருந்தால் பைத்தான் விண்டோஸிடம் கேட்காமலே தானே மறுத்துவிடும். எரர் மாறியதற்கு அதுதான் காரணம். \10 பின்னேகும், \11 டேப், \12 புது வரி. ஆண்டு ஃபோல்டரும் தப்பாது: \2024 என்று அடித்தால் \202 ஓர் எழுத்தாகி 4 மட்டும் தனியே நிற்கும்.

கடைசி பேக்ஸ்லாஷ் பற்றி: ஆர் போட்டாலும் மேற்கோளுக்கு முன்னால் நிற்கும் பேக்ஸ்லாஷ் அந்த மேற்கோளை மூடவிடாது. அதனால் ஆர் போட்ட ஸ்ட்ரிங்கை ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்கவே முடியாது. ஃபோல்டர் பாதையைச் சாய்கோடு இல்லாமல் முடித்து, இணைப்பதை, பாதைகளைக் கையாளும் பாத்லிப் என்ற மாட்யூலிடம் விடுங்கள். 3.4-இலிருந்து பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம்:

வேர் = பாத்("டி:/எடை")
கோப்பு = வேர் / ஊர் / மாதம் / "குலை.சிஎஸ்வி"

ஊரும் மாதமும் மாறிகள். பேக்ஸ்லாஷை நீங்கள் எங்கேயும் அடிக்கவில்லை, கெடுவதற்கு ஒன்றுமில்லை. மாதத்தை 8 என்று எண்ணாகக் கொடுக்காமல் "08" என்று ஸ்ட்ரிங்காகவே கொடுங்கள்.

இதிலும் இரண்டு பள்ளம் இருக்கிறது. இணைக்கும் துண்டு சாய்கோட்டில் தொடங்கக் கூடாது. வேர் / "/தாப்பா" என்று போட்டால் எடை காணாமல் போய் டி:\தாப்பா என்றாகும், எந்த எச்சரிக்கையும் வராது. அடுத்தது, வேரை வெறும் "டி:" என்று கொடுத்தால் டி:எடை என்று சாய்கோடு இல்லாமல் ஒட்டும். அது டி டிரைவில் அந்த நேரத்தில் எந்த ஃபோல்டர் நடப்பில் இருக்கிறதோ அதற்குள் தேடும். ஒரு நாள் திறக்கும், மறுநாள் திறக்காது. "டி:/" என்றே எழுதுங்கள்.

கித்தாப்பால் பதில்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்த மாற்றம் எல்லாம் நிரலுக்குள் மேற்கோளில் அடித்த பாதைக்கு மட்டும்தான். கீபோர்டில் கேட்டு வாங்கிய பாதை, சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலிருந்து படித்த பாதை, ஃபோல்டரைத் தேடி எடுத்த பாதை எதையும் பைத்தான் மாற்றாது. அங்கேயும் போய் பேக்ஸ்லாஷை இரட்டையாக்குவது வீண் வேலை.

ஜேசன் விதிவிலக்கு. ஸ்கிரிப்டின் அமைப்புகளை ஜேசன் என்ற வடிவத்தில் எழுதிய டெக்ஸ்ட் கோப்பில் வைத்தால் அதற்கு அதன் சொந்தச் சட்டம் உண்டு. டி:\எடை என்று எழுதினால் செல்லாத எஸ்கேப் (பேக்ஸ்லாஷும் அடுத்த எழுத்தும் சேர்ந்த குறி) என்று நின்றுவிடும், அது நல்லது. டி:\தாப்பா என்று எழுதினால் சத்தமில்லாமல் டேப் ஆகிவிடும், அதுதான் ஆபத்து. ஜேசனில் ஆர் என்ற வசதி கிடையாது. ஸ்லாஷ் போடுங்கள், அல்லது இரட்டை பேக்ஸ்லாஷ்.

வேறு மொழிக்குப் போனால் குணம் மாறும். ஜாவா தெரியாத எஸ்கேப்பைக் கண்டால் கம்பைல் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்ஸ்லாஷை விழுங்கிவிட்டு டி:எடைகம்பார் என்று கொடுக்கும், புகார் எதுவும் வராது. மூன்றில் அதுதான் படுமோசம். சி ஷார்ப்பில் மேற்கோளுக்கு முன் @ போட்டால் போதும், கடைசி பேக்ஸ்லாஷும் அங்கே தொல்லை தராது. பவர்ஷெல்லில் எஸ்கேப் குறி ` என்பதால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

சர்வர் பாதையில் கவனம். "\\சர்வர்\எடை" என்று ஆர் இல்லாமல் எழுதினால் முன்னால் இரண்டாக இருந்தது ஒன்றாகிவிடும், பிறகு அது சர்வர் பாதையே இல்லை. ஆர் போடுங்கள்.

ஸ்லாஷ் எல்லா இடத்திலும் செல்லும் என்றும் நினைக்க வேண்டாம். விண்டோஸ் கோப்பைத் திறக்கும்போது ஏற்கும். கட்டளைச் சாளரத்தில் டிர் டி:/எடை என்றால் அதை ஒரு விருப்பக் குறியாக எடுத்துக்கொள்ளும். பழைய கதை அது: விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ், 1981-இல் வந்த அதன் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது, ஸ்லாஷை விருப்பக் குறிக்குக் கொடுத்திருந்தார்கள். 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டரைக் கொண்டுவந்தபோது கையில் மிஞ்சியது பேக்ஸ்லாஷ். சி மொழியோ அதை எஸ்கேப்புக்கு எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. செக்ரோலின் தாப்பா மாட்டிக்கொண்டது அந்த இரண்டுக்கும் நடுவில்.

பேட்ச் கோப்பிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டினால் இன்னொரு பொறி. பாதையை மேற்கோளில் போட்டு "டி:\எடை\" என்று முடித்தால், கடைசி பேக்ஸ்லாஷும் மேற்கோளும் சேர்ந்து ஸ்கிரிப்டுக்கு டி:\எடை" என்று மேற்கோளோடு போய்ச் சேரும். பின்னால் வரும் மற்ற விவரங்களும் அதோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி பேக்ஸ்லாஷை எடுத்துவிடுங்கள்.

பாதையை விண்டோஸிலிருந்து காப்பி செய்பவர்களுக்கு: ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக், காப்பி ஆஸ் பாத். அது இரண்டு பக்கமும் மேற்கோள் குறியோடு வரும், உள்ளீடாக ஒட்டினால் ஸ்ட்ரிப் போட்டு நீக்குங்கள். பிராப்பர்ட்டீஸ் சாளரத்தின் செக்யூரிட்டி பக்கத்திலிருந்து மட்டும் காப்பி செய்யாதீர்கள். பாதைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத 202ஏ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். பார்க்கப் பாதை சுத்தமாக இருக்கும், ஆனால் திறக்காது. அதையும் ரெப்ர்தான் காட்டிக்கொடுக்கும்.

செக்ரோல்:

பாத்லிப்புக்கு மாற்றிவிட்டேன், பன்னிரண்டு மாதமும் படிக்கிறது. கடைசியாக இரண்டு. மாதக் கணக்கைத் தலைமை ஆபீஸ் லினக்ஸ் சர்வருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அதே ஸ்கிரிப்ட் அங்கே ஓடுமா? ஃபோல்டர் பெயர்களைத் தமிழிலேயே வைத்துவிட்டால் இந்த எஸ்கேப் தொல்லை ஒரேயடியாகப் போகுமா? இங்கே எழுதியதைப் பார்த்துத்தான் தோன்றியது.

சுங்கைக்கரை பதில்:

லினக்ஸில் பேக்ஸ்லாஷ் ஒரு சாதாரண எழுத்து, கோப்புப் பெயரில் வைக்கலாம். அதனால் ஆர்"எடை\தாப்பா\குலை.சிஎஸ்வி" என்று அங்கே எழுதினால் எரர் வராது. ஃபோல்டரும் உருவாகாது. அந்த முழு நீளத்தையும் பெயராகக் கொண்ட ஒரே ஒரு கோப்பு நடப்பு ஃபோல்டரில் விழும். பிறகு எல்லோரும் எடை ஃபோல்டரில் தேடிக்கொண்டிருப்பார்கள். பாத்லிப்பில் துண்டு துண்டாக இணைத்திருந்தால் இது நடக்காது. வேர் மட்டும் மாறும், அதை அமைப்புக் கோப்பில் வையுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து அங்கே வேறு வேறு என்பதால் குலைத்தராசு சொன்ன வழி அங்கே முற்றாகச் செத்துவிடும். சிஎஸ்விக்குள் ஏற்கனவே விண்டோஸ் பாதைகள் எழுதப்பட்டிருந்தால், பாத்லிப்பில் உள்ள ப்யூர்விண்டோஸ்பாத் கொண்டு படித்து ஆஸ்பாசிக்ஸ் வழியாக எழுதுங்கள், சாய்கோடு திரும்பிவிடும். டிரைவ் எழுத்து மட்டும் அப்படியே இருக்கும், அதை நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

தமிழ்ப் பெயர்: பைத்தானில் எந்தத் தமிழ் எழுத்துக்கும் எஸ்கேப் பொருள் கிடையாது, அந்தத் தொல்லை போகும். 08 என்ற மாத ஃபோல்டர் அப்போதும் 08-தான், அது போகாது. அதோடு புதிதாக ஒன்று வரும். "ஈப்போ" என்ற பெயரின் கடைசி ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நீளம் பார்த்தால் ஒன்றுக்கு 5 வரும், மற்றதற்கு 6. விண்டோஸுக்கும் சரி, பைத்தானுக்கும் சரி, அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். இரண்டு பேர் இரண்டு விதக் கீபோர்டில் ஃபோல்டர் உருவாக்கினால் ஒரே இடத்தில் இரண்டு ஈப்போ பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

தமிழில்தான் வைப்பீர்கள் என்றால், ஃபோல்டரை ஆள் கையால் உருவாக்க விடாதீர்கள். ஸ்கிரிப்டே உருவாக்கட்டும். பெயரை யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியே என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிய பிறகு உருவாக்கச் சொல்லுங்கள், ஒப்பிடும்போதும் இரு பக்கத்தையும் அப்படியே மாற்றிவிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

செக்ரோல்:

ஏற்கனவே இரண்டு ஈப்போ இருக்கிறது அண்ணே. யாரோ காப்பி எடுத்து வைத்தது என்று நினைத்திருந்தேன். இப்போது நீளம் பார்த்தேன்: 5, 6.